ஊர்ப்படம் வரைந்து மருத்துவக் குறைகளைக் கண்டறிவது எப்படி? நீலகிரிக்கான கேள்வி பதில்கள்

நீலகிரியின் பழங்குடி ஊர்களிலும் எஸ்டேட் லைன்களிலும் (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) மக்களோடு உட்கார்ந்து ஊர்ப்படம் வரைய நினைப்பவர்களுக்கான பக்கம் இது. கிராம சுகாதார செவிலியர், ஆஷா பணியாளர், அங்கன்வாடி அக்கா, சுய உதவிக் குழு, வார்டு உறுப்பினர், கல்லூரி மாணவர் என யார் இறங்கினாலும் பெரும்பாலும் இந்தக் கேள்விகள்தான் வருகின்றன. பழனி மலை, கொல்லிமலை, ஜவ்வாது மலைக்கும் இதில் பாதிக்கு மேல் பொருந்தும்.

கூகுள் மேப் இருக்கிறது, அரசிடமும் வரைபடம் இருக்கிறது. நாமே ஏன் வரைய வேண்டும்?

அந்தப் படங்களில் சாலையும் ஆஸ்பத்திரியும் இருக்கும், ஊர் இருக்காது. பணியர் பாடி, இருளர் பதி போன்ற பழங்குடிக் குடியிருப்பு, தேயிலைக்கு நடுவே இருக்கும் பத்து லைன் வீடுகள் எல்லாம் பெயரில்லாத பச்சைத் திட்டாகவே தெரியும். ஊரே இல்லாத படத்தில் அந்த ஊருக்கு எது எட்டவில்லை என்று பார்க்க முடியாது.

புள்ளிவிவரத்திலும் இதே நிலைதான். 2011 கணக்கெடுப்பின்படி நீலகிரியின் மக்கள்தொகை 7,35,394. அதில் பழங்குடியினர் சுமார் 4.5 சதவீதம். மாவட்ட சராசரி எவ்வளவு நன்றாக இருந்தாலும், தொதவர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு சமூகங்களின் நிலை அந்தச் சராசரியில் காணாமல் போய்விடும். போதாததற்கு மாவட்டத்தில் 59 சதவீதம் பேர் நகர்ப்புறவாசிகள் என்று கணக்கு சொல்கிறது. கூடலூரும் நெல்லியாளமும் நகராட்சிகள். அவற்றின் எல்லைக்குள் யானை வழித்தடத்தை ஒட்டி ஒரு பாடி இருந்தால், காகிதத்தில் அதுவும் நகரம். அங்கிருந்து இரவில் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவருக்கு அந்தச் சொல்லால் ஒரு பயனும் இல்லை.

அதனால் படத்தின் அலகு குக்கிராமமாக இருக்க வேண்டும். ஊராட்சி அளவிலோ வார்டு அளவிலோ வரைந்தால் தெரிய வேண்டியது மறுபடியும் மறைந்துவிடும்.

சுகாதாரத்தில் தெரியும் எல்லா வித்தியாசத்தையும் ஏற்றத்தாழ்வு என்று சொல்லலாமா?

சொல்ல முடியாது. ரத்தச் சிவப்பணு அரிவாள் வடிவாகும் சிக்கிள் செல் சோகை மரபு வழியாக வருவது. சில சமூகங்களில் அது கூடுதலாக இருப்பது உடலியல். அதே நோய் உள்ள இரண்டு பேரில் ஒருவருக்கு ஹைட்ராக்ஸியூரியா மாத்திரை மாதாமாதம் கிடைத்து, இன்னொருவருக்கு ஜீப் வாடகை இல்லாததால் கிடைக்காமல் போனால் அது ஏற்றத்தாழ்வு. ஒவ்வொரு குறையைக் குறிக்கும்போதும் இரண்டு கேள்வி போதும்: இதைத் தவிர்த்திருக்க முடியுமா? இது யாருக்கு மட்டும் திரும்பத் திரும்ப நடக்கிறது?

ஒரு ஊருக்கு எத்தனை பேர், எத்தனை நாள், என்னென்ன பொருள்?

நாற்பது அறுபது வீடுள்ள ஊருக்கு வெளியிலிருந்து மூன்று பேர் போதும்: பேச்சை நடத்த ஒருவர், குறிப்பெடுக்க ஒருவர், போனில் ஜிபிஎஸ் புள்ளி (இடக்குறிப்பு) எடுக்க ஒருவர். ஊரிலிருந்து இரண்டு இளையவர்கள், அவர்களில் ஒருவராவது பெண். இவர்கள் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருகிறார்கள் என்பதை மறக்கக் கூடாது. அன்றைய கூலியைச் செலவுத் திட்டத்தில் முதல் வரியாக எழுதுங்கள்.

நான்கு முறை போக வேண்டியிருக்கும். பேசி அனுமதி வாங்க ஒரு முறை, தரைப்படத்துக்கு ஒரு முறை, நடந்து அளக்க ஒரு முறை, வரைந்ததைத் திரும்பக் காட்டிச் சரிபார்க்க ஒரு முறை. நான்கையும் ஒரே வாரத்தில் அடைத்தால் நான்காவது விழுந்துவிடும். அது இல்லாத படத்தை நம்ப முடியாது.

பொருள் அதிகம் வேண்டாம். மூன்று நிறக் கோலப்பொடி, புளியங்கொட்டை, துவரை, மிளகு, நான்கு சார்ட் பேப்பரை ஒட்டிய ஒரு தாள், அழியாத மார்க்கர், பத்தாயிரம் எம்ஏஎச் பவர் பேங்க். குந்தா பக்கமும் தேவாலா பக்கமும் சார்ட் பேப்பர் அரை மணி நேரத்தில் ஊறிப்போகும். மழைக்காலத்தில் காடாத் துணியில் வரைவது நல்லது.

யாரிடம் முதலில் பேச வேண்டும்?

ஊரிடம். தலைவர், மூப்பன் ஒருவரிடம் மட்டும் பேசிவிட்டு வந்துவிடாதீர்கள். அங்கன்வாடியிலும் குழாயடியிலும் பெண்களிடமும் தனியாகச் சொல்லுங்கள். எஸ்டேட் லைனாக இருந்தால் நிர்வாகத்துக்குத் தெரியாமல் கூட்டம் போட்டால் அடுத்த நாள் சிக்கல் தொழிலாளிக்குத்தான், உங்களுக்கு இல்லை. புலிகள் காப்பக எல்லைக்குள் இருக்கும் ஊர்களுக்கு வனத்துறை அனுமதி தேவை. டிரோன் எண்ணத்தையே விட்டுவிடுங்கள். முதுமலை ஒரு பக்கம், வெலிங்டன் ராணுவப் பகுதி இன்னொரு பக்கம் என்று இருக்கும் மாவட்டத்தில் அதற்கான அனுமதி வேலையே தனி வேலை. கையில் குச்சியும் காலில் நடையும் இருந்தால் அது தேவைப்படாது.

நாள் குறிக்கும்போது ஊரின் வேலை நாளைப் பாருங்கள். கொழுந்து அதிகம் வரும் மாதங்களில் லைனில் மாலை ஐந்து மணிக்கு முன் ஆள் இருக்க மாட்டார்கள். தேன் எடுக்கும் காலத்தில் குறும்பர் ஊர்களில் பாதிப்பேர் காட்டில் இருப்பார்கள்.

தரையில் வரைவது எப்படி?

சமதளமான, கூட்டிப் பெருக்கிய இடம் வேண்டும். பத்துப் பன்னிரண்டு பேர் சுற்றி உட்காரும் அளவு. "உங்க ஊரை இங்க வரைஞ்சு காட்டுங்க" என்று சொல்லிவிட்டு, குச்சியையும் கோலப்பொடியையும் அங்கிருப்பவர்களில் வயதான ஒருவரிடம் கொடுத்துவிட்டு நீங்கள் பின்னால் நகர்ந்துவிடுங்கள். முதலில் எதை வரைகிறார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். கோயிலா, ஓடையா, சாலையா என்பது அந்த ஊர் எதை வைத்துத் திசை பார்க்கிறது என்பதைச் சொல்லும். வடக்கு மேலே இருக்க வேண்டும் என்று திருத்தாதீர்கள். மலையில் "மேல" என்றால் மேட்டுப்பக்கம், "கீழ" என்றால் சரிவுப்பக்கம். வடக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சூரியன் உதிக்கும் பக்கம் எது என்று கடைசியில் கேட்டு ஓர் அம்புக்குறி போட்டால் போதும்.

சாலை, ஒற்றையடிப் பாதை, ஓடை, ஊற்று வந்தபிறகு வீடுகள். வீடுகள் முடிந்தபின் விதைகள். இரண்டு வருடத்துக்குள் பிரசவமான வீட்டுக்குப் புளியங்கொட்டை, ஐந்து வயதுக்குள் குழந்தை இருக்கும் வீட்டுக்குத் துவரை, அறுபது தாண்டியவருக்கு மிளகு. கழிப்பறை இருந்தும் தண்ணீர் இல்லாததால் பூட்டிக் கிடந்தால் ஒரு கல். காசநோய், மனநோய், குடி இவற்றுக்கு விதை வைக்கச் சொல்லவே கூடாது. ஊரே பார்த்துக்கொண்டிருக்கும் இடம் அது.

அதன்பிறகுதான் முக்கியமான கேள்விகள். "ராத்திரி பத்து மணிக்கு வலி வந்தா முதல்ல யாருக்குப் போன் பண்ணுவீங்க அக்கா? எங்க நின்னா சிக்னல் கிடைக்கும்? போன மழைக்கு ஆளைத் தூக்கிட்டுப் போனது எந்த வழி?" சிக்னல் கிடைக்கும் பாறை, டோலி இறக்கி வைக்கும் திட்டு, ஜீப் திரும்ப முடிகிற கடைசி வளைவு, ஜீப் வைத்திருப்பவர் வீடு ஆகியவை எந்த அரசுப் படத்திலும் இருக்காது. உயிர் போவதும் பிழைப்பதும் இந்த நான்கு இடங்களில்தான்.

வழக்கமாகத் தவறுவது மூன்று இடங்களில். படித்த தம்பி ஒருவர் பேப்பரை வாங்கித் தானே வரைந்து முடித்துவிடுவார். அவரைக் குறிப்பெடுக்கும் வேலைக்கு மாற்றுங்கள். ஊரின் ஓரத்தில் தள்ளி இருக்கும் இரண்டு மூன்று வீடுகள் விடுபடும். பெரும்பாலும் அவை ஊருக்குள் ஒதுக்கப்பட்டவர்களின் வீடுகள். "இதுக்கு அப்பால வீடே இல்லையா?" என்று நான்கு திசையிலும் கேளுங்கள். மூன்றாவது, கலைவதற்கு முன் படம் எடுக்காமல் விடுவது. ஒரு நாற்காலி மேல் ஏறி நேர் மேலிருந்து போட்டோ எடுத்துவிட்டு, அங்கேயே ஊர்க்காரர் ஒருவர் கையால் தாளில் பெயர்த்து எழுத வையுங்கள். "நாளைக்கு எழுதிக்கலாம்" என்றால் மிளகு எந்த வீட்டில் இருந்தது என்று யாருக்கும் ஞாபகம் இருக்காது.

பெண்களோடு தனியாகவும் வரைய வேண்டுமா?

கட்டாயம். ஆண்கள் வரையும் படத்தில் கடை, சாலை, வேலை இடம் நன்றாக இருக்கும். குழாய், விறகுப் பாதை, இருட்டில் ஒதுங்கும் இடம், மாதவிலக்கு நாட்களில் தங்கும் இடம் எல்லாம் பெண்கள் படத்தில்தான் வரும். இரண்டையும் ஒன்றாக்க அவசரப்பட வேண்டாம். இரண்டும் எங்கே வேறுபடுகின்றன என்பதே ஒரு கண்டுபிடிப்பு.

போனில் புள்ளி எடுக்கும்போது எதில் கவனம் வேண்டும்?

களத்தில் படிவம் நிரப்ப உதவும் கோபோ டூல்பாக்ஸ் போன்ற இலவசச் செயலி போதும். படிவத்தை ஊட்டியிலோ கூடலூரிலோ நெட் இருக்கும்போதே இறக்கிவிட்டுக் கிளம்புங்கள். ஜிபிஎஸ் வேலை செய்ய சிக்னல் தேவையில்லை, ஆனால் டவர் உதவி இல்லாத இடத்தில் முதல் புள்ளி பிடிக்கச் சில நிமிடம் ஆகும். பொறுமை இல்லாதவர்கள் இங்கேதான் தப்பான புள்ளியைச் சேமிக்கிறார்கள். திரையில் காட்டும் துல்லியம் 10 மீட்டருக்குள் வந்தபிறகே சேமியுங்கள். பள்ளத்தாக்கிலும் சோலைக்குள்ளும் அது 30, 40 மீட்டரிலேயே நிற்கும். அப்போது திறந்த இடத்துக்கு வந்து புள்ளி எடுத்து, "வீடு இங்கிருந்து சுமார் இத்தனை அடி, ஓடைப் பக்கம்" என்று குறிப்பு எழுதுங்கள்.

அட்சரேகை 11 என்றும் தீர்க்கரேகை 76 என்றும் தொடங்க வேண்டும். கோத்தகிரியின் கிழக்கு ஓரத்தில் தீர்க்கரேகை 77ஐத் தொடலாம். இரண்டும் இடம் மாறினால் உங்கள் ஊர் வட துருவப் பக்கத்துக் கடலில் போய் உட்கார்ந்துகொள்ளும். புள்ளிக்குப் பின் ஐந்து இலக்கமாவது இருக்கட்டும். நான்கு இலக்கத்தில் நிறுத்தினால் ஓர் இலக்க மாற்றமே 11 மீட்டர். லைன் வீட்டில் அது பக்கத்து வீடு. கணினியில் க்யூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளை வைத்துத் தூரம் அளக்கும்போது, மீட்டரில் அளக்க உதவும் யூடிஎம் 43 வடக்கு மண்டலத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். தமிழ்ப் பெயர்கள் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் கோப்பை யூடிஎஃப்-8 எழுத்துக் குறியீட்டில் திறக்கவில்லை என்று பொருள், தரவு கெட்டுவிடவில்லை.

ஊர்ப்பெயருக்கு மூன்று கட்டம் வையுங்கள்: ஊர்க்காரர் சொல்லும் பெயர், அரசுப் பட்டியலில் உள்ள பெயர், எஸ்டேட் வைத்த பெயர். ஒரே ஊர் இரண்டு பெயரில் இரண்டு முறை எண்ணப்படுவதும், பெயர் பொருந்தாததால் ஒரு முறைகூட எண்ணப்படாமல் போவதும் இதனால்தான்.

ஆஸ்பத்திரி எத்தனை கி.மீ. என்று எழுதினால் போதாதா?

போதாது. கோடநாடு காட்சிமுனையில் நின்றால் தெங்குமரஹாடா காலடியில் தெரியும். இரண்டும் ஒரே கோத்தகிரி வட்டம். ஆனால் கோத்தகிரியிலிருந்து வண்டியில் அங்கே போக மேட்டுப்பாளையம் இறங்கி, பவானிசாகர் வழியாகக் காட்டுப்பாதையில் போய், மாயாற்றைக் கடக்க வேண்டும். நேர்கோட்டில் அளந்த கி.மீ. இங்கே ஒன்றையும் சொல்லாது.

நேரத்தை அளவிடுங்கள். நடைக்கு முதல் மதிப்பீடாக நைஸ்மித் விதியைப் பயன்படுத்தலாம்: 5 கி.மீ.க்கு ஒரு மணி நேரம், அதோடு ஏறும் ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்துக்கும் இன்னொரு மணி நேரம். 3 கி.மீ. பாதையில் 450 மீட்டர் ஏற்றம் இருந்தால் 36 நிமிடமும் 45 நிமிடமும் சேர்ந்து 81 நிமிடம். இது திடகாத்திரமான ஆளுக்கான கணக்கு. ஏழு மாதக் கர்ப்பிணிக்கும் முட்டி வலியுள்ள பாட்டிக்கும் பொருந்தாது. ஆகவே அவர்களில் ஒருவரோடு அவர் வேகத்திலேயே ஒரு முறை நடந்து பாருங்கள். நனைந்த சரிவில் இறக்கம் ஏற்றத்தைவிட மெதுவாகத்தான் இருக்கும்.

அவசர வழியைத் துண்டு துண்டாகப் பிரியுங்கள். ஓர் உதாரணக் கணக்கு: சிக்னல் பாறைக்குப் போக 15 நிமிடம். 108 வண்டி சாலை முனைக்கு வர 50 நிமிடம். அதே நேரத்தில் ஆள் சேர்த்து டோலி கட்டித் தூக்கி வர 70 நிமிடம். இரண்டும் ஒன்றாக நடப்பதால் பெரியதை மட்டும் எடுக்க வேண்டும். சாலைப் பயணம் 40. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மொத்தம் 125 நிமிடம். அங்கிருந்து அறுவைச் சிகிச்சையும் ரத்தமும் உள்ள இடத்துக்கு இன்னும் 60. பிரசவத்துக்குப் பின் வரும் கடும் ரத்தப்போக்கைக் கவனிக்காவிட்டால் இரண்டு மணி நேரத்தில் உயிர் போகலாம் என்பதை 125க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இப்படிப் பிரித்தால்தான் தீர்வு எங்கே என்று தெரியும். இந்தக் கணக்கில் இன்னொரு ஆம்புலன்ஸ் வாங்கினால் ஒரு நிமிடம்கூட மிச்சமாகாது, ஏனென்றால் வண்டி ஏற்கெனவே டோலிக்காகக் காத்திருக்கிறது. பாதையில் வழுக்கும் இடத்துக்குப் படி வெட்டிக் கைப்பிடி போட்டால் குறையும். பேறுகால நாள் நெருங்கியதும் ஆரம்ப சுகாதார நிலையத்தின் பிரசவக் காத்திருப்பு அறைக்குத் தாயை வரவழைத்தால் அந்த 125 முழுதாகவே போய்விடும். அங்கே கூட வருபவருக்குச் சாப்பாடும், வீட்டில் இருக்கும் மூத்த குழந்தைகளைப் பார்க்க ஆளும் உண்டா என்று கேளுங்கள். அறை காலியாகக் கிடப்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

அவசரமில்லாத சிகிச்சைக்கு வேறு கணக்கு. பஸ் நேரத்தையும் வெளிநோயாளர் பிரிவு நேரத்தையும் ஒன்றின் பக்கத்தில் ஒன்று எழுதுங்கள். சீட்டு கொடுப்பதை நிறுத்தியபிறகு வந்து சேரும் பஸ் இருந்தால் அந்த ஊருக்கு ஆஸ்பத்திரி இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணம் 2024 முதல் நீலகிரியிலும் உண்டு. ஆனால் பஸ்ஸே வராத ஊரில் ஜீப் வாடகையும் போன கூலியும்தான் உண்மையான செலவு. இரண்டையும் கூட்டி எழுதுங்கள்.

எந்த மாதத்தில் அளக்க வேண்டும்?

மார்ச்சில் அளந்த படம் மார்ச்சுக்கு மட்டும்தான். கூடலூர், பந்தலூர், குந்தா பக்கம் தென்மேற்குப் பருவமழை ஜூன் முதல் செப்டம்பர் வரை அடிக்கும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 820 மி.மீ. பெய்தது. குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளில் மண் சரிவது பெரும்பாலும் அக்டோபருக்குப் பின் வடகிழக்குப் பருவத்தில். எனவே ஒரே மாவட்டத்தில் இரண்டு பக்கத்துக்கும் ஆபத்து மாதம் வேறு. பலாப்பழக் காலத்தில் பர்லியார், கூடலூர் சரிவுகளில் யானை ஊர் ஓரம் வரை வரும். அப்போது மாலை ஆறுக்குப் பிறகு சில பாதைகளில் யாரும் நடக்க மாட்டார்கள். ஒரே படத்தின் மேல் மூன்று ட்ரேசிங் தாள் வைத்து வெயில், தென்மேற்கு, வடகிழக்கு என்று வரைந்தால் எந்த வழி எப்போது மூடுகிறது என்பது பளிச்சென்று தெரியும்.

தண்ணீரையும் சேர்க்க வேண்டுமா?

ஆம், ஊற்றிலிருந்து குடம் வரை. ஊற்றுக்கு மேட்டுப்பக்கம் என்ன இருக்கிறது என்று நடந்து பாருங்கள்: மருந்தடிக்கும் காய்கறித் தோட்டமா, கழிப்பறைக் குழியா, மாட்டுக் கொட்டகையா. தொட்டித் தண்ணீரில் குளோரின் சோதனை எளிது. குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மி.கி. மீதக் குளோரினாவது இருக்க வேண்டும். தொட்டியடியில் சரியாக இருந்து கடைசி வீட்டில் பூஜ்யம் வருவது சகஜம். ஆகவே கடைசி வீட்டில் சோதியுங்கள்.

எங்கள் ஊரில் ஒரு குழந்தை இறந்தது. சிசு மரண விகிதம் போடலாமா?

போடாதீர்கள். முப்பது வீட்டு ஊரில் வருடத்துக்கு மூன்று பிரசவம் நடந்து ஒன்று இறந்தால் ஆயிரத்துக்கு 333 என்று வரும். அடுத்த வருடம் பூஜ்யம். இரண்டுமே ஊரின் நிலையைச் சொல்லாது, அதிகாரி முதல் பார்வையிலேயே படத்தை ஒதுக்கிவிடுவார். அந்த மரணத்தை ஒரு மரணமாகவே எடுத்துக்கொண்டு, எந்தத் துண்டில் தாமதம் நேர்ந்தது என்று விசாரித்து எழுதுங்கள்: போகலாம் என்று முடிவெடுப்பதிலா, போய்ச் சேருவதிலா, சேர்ந்தபின் சிகிச்சை தொடங்குவதிலா. விகிதம் வேண்டுமென்றால் ஒரே மாதிரியான பல ஊர்களையும் ஐந்து வருடங்களையும் சேருங்கள்.

சிறிய ஊருக்கு வேறு அளவுகள் நன்றாக உதவும். கடைசிப் பத்துக் கர்ப்பிணிகளில் எத்தனை பேருக்கு நான்கு பரிசோதனை முடிந்தது? ஹீமோகுளோபின் 11க்குக் கீழே இருந்தவர்களில் எத்தனை பேர் மறுபடி பார்க்கப்பட்டார்கள்? மேல்கைச் சுற்றளவு 12.5 செ.மீ.க்குக் கீழுள்ள குழந்தைகள் எத்தனை, அவர்களில் 11.5க்கும் கீழே யாராவது உண்டா?

எண்ணும்போது பட்டியலில் இல்லாதவர்களைத் தேடுங்கள். இஞ்சி, காப்பி வேலைக்கு வயநாடு போய் வரும் பணியர் குடும்பங்கள், ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் தேயிலைக்கு வந்திருக்கும் இளம் தம்பதிகள். ரேஷன் கார்டை வைத்து எண்ணினால் இவர்களின் குழந்தைகள் கணக்கிலேயே வர மாட்டார்கள். தடுப்பூசி விடுபடுவது அங்கேதான்.

சிக்கிள் செல், காசநோய் உள்ள வீடுகளைப் புள்ளி வைக்கலாமா?

கூடாது, எந்தப் படத்திலும். நீலகிரிப் பழங்குடிகளிடம் சிக்கிள் செல் இருப்பதை ஆய்வாளர்கள் லேமன், கட்புஷ் இருவரும் 1952இலேயே பதிவு செய்தார்கள். இந்தியாவின் ஆரம்பப் பதிவுகளில் அதுவும் ஒன்று. எழுபது வருடத்துக்கு மேலாகியும், பரிசோதனையில் கடத்தி (நோய் இல்லாமல் அதன் மரபணுவை மட்டும் சுமப்பவர்) என்று வந்த பெண்ணுக்குக் கல்யாணம் தடைபடும் நிலை மாறவில்லை. நாற்பது வீட்டு ஊரில் பெயர் எழுதாமல் புள்ளி வைத்தாலும் அது யார் வீடு என்று எல்லோருக்கும் தெரியும்.

நோயாளியை விட்டுவிட்டுச் சேவையைப் புள்ளி வையுங்கள். பரிசோதனை எங்கே செய்கிறார்கள், உறுதிப்படுத்தும் முடிவு வர எத்தனை நாள், ஹைட்ராக்ஸியூரியாவும் ஃபோலிக் அமிலமும் எந்த நிலையத்தில் இருப்பு உள்ளது, குளிரில் வலி வந்தால் இரவில் யார் ஊசி போடுவார். ஐந்துக்குக் குறைந்த எந்த எண்ணையும் ஊர்வாரியாக வெளியிடாமல், பல ஊர்களைச் சேர்த்துச் சொல்லுங்கள்.

சுகாதாரத்துக்குச் சம்பந்தமில்லாவிட்டாலும் இன்னொன்றைச் சொல்ல வேண்டும்: தேன் பாறை, மூலிகை இடம், புதைகாடு, தெய்வ இடம் ஆகியவை தரைப்படத்தில் வரும். அவற்றை ஓபன்ஸ்ட்ரீட்மேப் போன்ற பொதுப் படத்தில் ஏற்றாதீர்கள். ஏற்றிவிட்டால் உலகமே பார்க்கும்.

மாவட்ட எல்லையோடு படத்தை நிறுத்தலாமா?

நிறுத்தினால் பந்தலூர்ப் படம் பொய்யாகிவிடும். அங்கிருந்து ஊட்டியைவிட கேரளத்தின் சுல்தான் பத்தேரி பக்கம், மக்களும் அங்கே போகிறார்கள். எல்லை தாண்டிய ஆஸ்பத்திரியைக் குறித்துவிட்டு, அங்கே தமிழ்நாட்டுக் காப்பீட்டு அட்டை செல்லுமா, எவ்வளவு கைக்காசு போகிறது என்று எழுதுங்கள். பத்தேரியில் பிரசவம் பார்த்த தாயின் விவரம் இந்தப் பக்கத்துப் பதிவேட்டில் ஏறியதா என்றும் பாருங்கள். எல்லையோரத்தில் போன் அந்தப் பக்கத்து டவரைப் பிடித்தால் 108 அழைப்பு அந்த மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்குப் போகக்கூடும். எந்த இடத்தில் நின்றால் எந்த டவர் என்பதையும் குறியுங்கள்.

படம் தயார். இனி என்ன செய்வது?

முதல் பிரதி ஊரில் இருக்க வேண்டும், பெரிதாக, அங்கன்வாடிச் சுவரிலோ சமுதாயக் கூடத்திலோ. உங்கள் அலுவலகத்தில் மட்டும் தொங்கினால் அது ஊரிடமிருந்து எடுத்துக்கொண்டு போன பொருள்.

பிறகு ஒவ்வொரு குறைக்கும் எதிரே யார் செய்ய வேண்டும் என்று எழுதுங்கள். பாதைக்கு ஊராட்சி அல்லது ஒன்றியம், மருந்து இருப்புக்கு வட்டார மருத்துவ அலுவலர், பஸ் நேரத்துக்குப் போக்குவரத்துக் கழகம், குழாய்க்கு ஊராட்சி. பத்துக் கோரிக்கையை ஒரே மனுவில் வைத்தால் பத்தும் "பரிசீலனையில்" போய்விடும். ஒரு மனுவுக்கு ஒரு கோரிக்கை, ஒரு அதிகாரி, ஒரு படம் என்று வையுங்கள். "சுகாதார வசதி வேண்டும்" என்று எழுதுவதைவிட "வாரத்தில் ஒரு நாள் காலைப் பஸ்ஸுக்கு ஏற்ப ரத்த அழுத்த மாத்திரை வழங்கும் நாளை மாற்ற வேண்டும்" என்பது நடக்கும்.

கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும். அதில் தீர்மானமாக ஏற்றி நகல் வாங்குங்கள். நகராட்சி, பேரூராட்சிக்குள் இருக்கும் ஊர்களுக்கு அந்தக் கிராம சபை கிடையாது. அங்கே பகுதி சபையும் ஆட்சியர் அலுவலகத்தின் திங்கட்கிழமை குறைதீர் நாளும்தான் வழி.

"வன நிலம், ஒன்றும் செய்ய முடியாது" என்ற பதில் வரும். வன உரிமைச் சட்டம் 2006, பிரிவு 3(2)ஐப் படித்துவிட்டுப் போங்கள். மருந்தகம், ஆஸ்பத்திரி, அங்கன்வாடி, குடிநீர்க் குழாய், சாலை உள்ளிட்டவற்றுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குள், ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டாமல், கிராம சபைப் பரிந்துரையோடு வன நிலத்தை ஒதுக்க அதில் இடம் இருக்கிறது. கூடலூர் ஜென்ம நிலங்களில் (பழைய ஜமீன் போன்ற உரிமையில் இருந்த நிலங்கள்) சிக்கல் வேறு. பட்டா இல்லாததால் மின்சாரமும் சாலையும் நிற்கும். அங்கே சுகாதார மனுவோடு நில வகையையும் படத்தில் காட்டினால்தான் கோப்பு எந்த மேசையில் நிற்கிறது என்று புரியும்.

"மக்கள்தொகை அளவுகோல்படி உங்களுக்கு இப்போதுள்ள துணை சுகாதார நிலையமே போதும்" என்கிறார்களே?

சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலையிலும் பழங்குடிப் பகுதியிலும் 3,000 பேருக்கு ஒன்று. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு முறையே 30,000, 20,000. சிதறிக் கிடக்கும் ஊர்களில் 3,000 பேரைச் சேர்க்கவே பல மணி நேர நடை ஆகும். மலை மாநிலங்களின் தேர்ந்தெடுத்த மாவட்டங்களுக்கு, குடியிருப்பிலிருந்து நடந்து 30 நிமிடத்துக்குள் துணை நிலையம் என்ற நேர அளவுகோலையும் தேசிய சுகாதார இயக்கம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. நீங்கள் நடந்து அளந்த நிமிடங்கள் அந்த இடத்தில்தான் பேசும். நாள், நேரம், உடன் நடந்தவர் வயது, மழையா வெயிலா என்ற விவரத்தோடு வையுங்கள். கூடுமானால் அந்த நடையில் கிராம சுகாதார செவிலியரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் கையெழுத்து இருந்தால் "இது அதிகாரப்பூர்வத் தரவு இல்லை" என்ற பேச்சு வராது.

எவ்வளவு நாளுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும்?

வீடு, பாதை, நீர் ஆகியவற்றை வருடத்துக்கு ஒரு முறை. போன் எண், ஜீப், மருந்து இருப்பு, செவிலியர் பணியிடம் காலியா என்பதை மூன்று மாதத்துக்கு ஒரு முறை. மண் சரிந்து பாதை மாறினால் அந்த வாரமே. மூலையில் தேதியையும் யார் திருத்தினார் என்பதையும் எழுதுங்கள். பழைய தாளைக் கிழித்துப் போட வேண்டாம். போன வருடம் 125 நிமிடம் என்றிருந்த இடத்தில் இந்த வருடம் என்ன எண் என்று ஒப்பிட அதுதான் வேண்டும்.